சோலை புகுந்த உள்ளான்

உப்பளங்களின் ஓரத்திலே பிறந்து வளர்ந்தவர்க்கு உள்ளான் புதியதொரு பறவையன்று. தூத்துக்குடிக்குத் தெற்கேயுள்ள எம் சிற்றூரில் வீட்டின் பின்கதவைத் திறந்தால் உப்புப் பாத்திகளே கண்ணிற்படும். ஐப்பசி பிறந்ததும் அப்பாத்திகளின் வரப்புகளிலும் நீர் வற்றிய சேற்றிலும் வடதிசையினின்று வந்திறங்கும் சிறு பறவைகளுக்குக் கணக்கில்லை. சிறிது தூரம் ஓடி, நின்று, கொத்தி, மீண்டும் ஓடும் உப்புக்கொத்தி. செந்நிறக் கால்களைப் பின்னே நீட்டிக் கூவிக்கொண்டு எழும் பவளக்காலி. வளைந்த நீண்ட அலகினை நண்டின் வளைக்குள் வேரோடு செலுத்தும் கோட்டான். கைக்குள் அடங்கும் கொசு உள்ளான். எழுத்தறியுமுன்னரே எம் ஊர்ச் சிறுவர் இவற்றை அறிவர். உப்புக்கொத்தி என்னும் பெயரை முதன்முதல் வைத்தவர் யாவரோ, அவர் அப்பறவையை நெடுநேரம் நோக்கிய பின்னரே வைத்திருத்தல் வேண்டும்.

இப்பறவைகளைப்பற்றி நம் கல்லூரியில் நான் ஆராய்ந்து பேச நேர்ந்தது தற்செயலே. தமிழ்ச் சிறப்பு வகுப்பில் அகத்திணையியல் பாடம் நடைபெற்றுக்கொண்டிருந்தது. குறிஞ்சிக்குக் கிளியும் மயிலும், நெய்தலுக்குக் கடற்காக்கையும் அன்றிலும் என நூலோர் வகுத்துரைப்பதைப் படித்தவர் யாவரும் அறிவர். ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் தத்தம் நிலத்தினின்று பெயர்ந்து வேறொரு நிலத்திற் காணப்படின், வந்து சேர்ந்த நிலத்திற்கே அவற்றை உரியனவாகக் கொள்ளலாம் என்று தொல்காப்பியர் இடங்கொடுத்துச் சென்றதும் அறிவர். அன்று மாலை விடுதியில், விலங்கியல் பயிலும் என் நண்பரிடம் இதனை நான் சொன்னபொழுது, நகைத்துவிடுவார் என்றே எதிர்பார்த்தேன். அவர் நகைக்கவில்லை. “உம்முடைய உள்ளானின் குலத்திலே ஒன்று கடற்கரைப் பக்கமே வாராது, பனிக்காலம் முழுவதையும் பழனிமலையின் சோலைக்குள் கழிக்கின்றது. அதனை உம் ஆசிரியர் எந்நிலத்திற் சேர்ப்பார்?” என்று கேட்டார்.

ஆங்கிலத்தில் வுட்காக் எனப்படும் அப்பறவையையே அவர் குறித்தார். எங்களுக்குள் ஒரு பெயர் வேண்டியிருந்தமையாற் சோலை உள்ளான் என்று அழைக்கத் துணிந்தோம். இக்கட்டுரையிலும் அவ்வாறே எழுதுகின்றேன்.

உலகக் கணக்கின்படி அஃது அரிய பறவையன்று. ஐரோப்பா முதல் சப்பான் வரை பரந்த வடநாட்டுக் காடுகளிலும், நம் இமயமலைக் காடுகளிலும் அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றது. எண்ணிக்கையில் மெய்யாகவே அருகி வருவன அதன் உறவினங்களுள் வேறு பல. ரஷ்ய நாட்டின் வடகிழக்குக் கோடியிலே பிறந்து, ஒருகாலத்தில் நம் கோடியக்கரை வரையிலும் வந்ததாகப் பதிவுபெற்றுள்ள கரண்டி மூக்கு உள்ளான் அவற்றுள் ஒன்று. இமயத்திற் பிறந்து தென்னாட்டு மலைச் சதுப்புக்களுக்குக் குளிர்காலத்தில் வரும் காட்டு உள்ளான் மற்றொன்று. சோலை உள்ளானோ எண்ணிக்கையில் அரியதன்று, காண்டற்கு அரியது. பகல் முழுவதும் உதிர்ந்த சருகின்மேற் சருகாகவே கிடந்து, அந்தி மங்கியபின் எழுந்து, ஈரமண்ணில் மண்புழு தேடி இரவெல்லாம் மேய்ந்து, விடியுமுன் மீண்டும் சருகாகிவிடும் பறவையை எவ்வாறு காண்பது? கொடைக்கானலிலேயே பிறந்து நரைத்தவர்களுட் பலர் அதனைக் கண்டதில்லை.

தை மாதத்து விடுமுறையொன்றில் இருவரும் புறப்பட்டோம். வத்தலக்குண்டு வழியாக மலையேறிய பயணத்தைப்பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. இம்மலரின் பழைய இதழ்களிற் குறைந்தது பதின்மர் அதனை எழுதியிருப்பர். நண்பரின் உறவினர் வீட்டில் இரவு தங்கினோம். விடியற்காலையில் முற்றத்துப் புல்லின்மேல் உறைபனி உப்புப் பூத்தாற்போலப் படிந்திருந்தது. வீட்டுப் பெரியம்மா கம்பளிப் போர்வைகள் இரண்டினை எங்கள் தோள்களில் இட்டு, “மாலை ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள், காட்டுமாடு தெருவிலேயே நடமாடுகின்றது” என்று எச்சரித்தனுப்பினார். எங்களுக்கு வேண்டிய பறவை எழுவதே அந்நேரத்தில் என்பதை அவர்க்கு நாங்கள் சொல்லவில்லை.

முற்பகலிற் பேரிஜம் ஏரிக்குச் சென்றோம். கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். வனத்துறையின் அனுமதிச் சீட்டுப் பெற்ற வண்டிகளே உள்ளே செல்லலாம், பொழுதோடு திரும்பிவிடல் வேண்டும். பெரியகுளம் பட்டினத்தார் பருகும் நீர் இவ்வேரியினின்று செல்கின்றது. வழியில் மதிகெட்டான் சோலை. உள்ளே புகுந்தவன் திசையறியாது மதி மயங்குவான் என்பதனாற் பெற்ற பெயர் போலும். ஆங்கிலர் தத்தம் அதிகாரிகளின் பெயர்களை இம்மலையின் முனைகளுக்கெல்லாம் சூட்டிச் சென்றனர். அப்பெயர்கள் யாவும் இவ்வொரு பெயருக்கு ஈடாகா என்பது என் கருத்து.

சோலை என்னும் சொல் நூல்களிலே பூஞ்சோலையாய், இளமரக்காவாய் வரும். இங்கே அச்சொல்லின் பொருள் வேறு. மேட்டுநிலத்தின் புல்வெளிகளுக்கிடையே, நீரோடும் மடிப்புகளில் மட்டும் நெருங்கி வளர்ந்த குட்டை மரக் காடே சோலையாகும். மரங்கள் உயரமில்லாதவை, கிளைகள் முறுகியவை, அடிமுதல் நுனிவரை பாசி போர்த்தவை. மேலே புல்வெளி மழையை வாங்கிச் சிறிது சிறிதாகக் கீழே விட, சோலையின் அடித்தளத்து மண் கோடையிலும் ஈரம் மாறாதிருக்கும். சோலையும் புல்வெளியும் கூடுமிடத்தில் ஆங்காங்கே சதுப்புநிலம் தேங்கிநிற்கும். அச்சதுப்பே எங்கள் பறவைக்குப் பந்தி. இமயத்திலே பனி விழுந்து மண் இறுகியபின் அலகு இறங்காது. அலகு இறங்காத மண்ணிற் புழுவிருந்தும் பயனில்லை. எனவே அது தெற்கு நோக்கிப் புறப்படுகின்றது. இடைப்பட்ட சமவெளிகளைக் கடந்து, 2,000 கிலோமீட்டருக்கு மேற் பறந்து, நீலகிரியிலும் பழனிமலையிலும் இவைபோன்ற உயர்ந்த மலைகளிலும் அதே குளிரையும் அதே ஈரத்தையும் தேடிச் சேர்கின்றது. அதன் குலத்தார்க்கு இத்தூரம் பெரிதன்று. 2022ஆம் ஆண்டில் அலாஸ்காவிலே கருவி பொருத்தி விடப்பட்ட மூக்கன் இனத்து இளம்பறவையொன்று 11 நாட்கள் இடையில் எங்கும் இறங்காது 13,560 கிலோமீட்டர் கடந்து டாஸ்மேனியாத் தீவில் இறங்கியதை உலகறியும்.

பேரிஜத்தின் ஓரச் சேற்றிலே நண்பர் முழந்தாளிட்டார். எனக்குச் சேறாகத் தோன்றியது அவர்க்கு ஏடாகத் தோன்றியது. பென்சில் முனையளவான துளைகள் வரிவரியாக இருந்தன. அருகே சுண்ணாம்புத் துளிபோன்ற எச்சம். “இரவு இங்கே மேய்ந்திருக்கின்றது” என்றார். அலகு ஏழெட்டுச் சென்டிமீட்டர் நீளமுடையது. அதன் நுனியெலும்பில் நுண்குழிகள் பல. அக்குழிகளில் உணர்நரம்புகள் வந்து முடிகின்றன. மண்ணுள்ளே புழு அசைவதை அலகு தொட்டே அறியும். அறிந்தபின், வாய் முழுவதையும் திறக்கவேண்டுவதில்லை. அடிப்பகுதி மூடியிருக்கவே நுனியை மட்டும் குறடுபோல விரித்துப் பற்றிக்கொள்ளும். எம் ஊர்க் கோட்டான் நண்டின் வளையில் அலகிட்டுச் சிறிது நேரம் அசையாது நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கின்றேன். அது சிந்திக்கின்றதென்று நினைத்துக்கொள்வேன். சிந்தனையன்று, அலகினாற் கேட்கின்றது என்பதை அங்கேதான் அறிந்தேன்.

துளைகளைக் கண்டோமேயன்றித் துளைத்ததைக் காணவில்லை. சோலைக்குள் மூன்று மணி நேரம் ஊர்ந்து திரிந்தோம். நண்பகலில் வேறொரு பறவை எங்களுக்குக் காட்சி கொடுத்தது. கண்ணுக்கு மேல் வெண்புருவம் தீட்டியதுபோன்ற சிறு சிரிப்பான், கூட்டமாய்ப் புதருக்குள் நகைத்துக்கொண்டு சென்றது. பழனிமலைச் சிரிப்பான் என்பர். அதன் அறிவியற் பெயரிலே ஃபேர்பாங்க் என்னும் சொல் இருக்கின்றது. சாமுவேல் பேக்கன் ஃபேர்பாங்க் என்பவர் மராட்டிய நாட்டிலே பணியாற்றிய அமெரிக்க மிஷனெரி. இம்மலைக்கு வந்து பறவைகளைச் சேகரித்தவர். 1869இல் பிளான்போர்டு என்னும் அறிஞர் இச்சிரிப்பானை உலகிற்கு அறிவித்தபொழுது இவர் பெயரைச் சூட்டினார். 1877இல் ஃபேர்பாங்க் தாம் கண்ட பழனிமலைப் பறவைகளின் பட்டியலை ‘ஸ்டிரே பெதர்ஸ்’ என்னும் பறவையியல் இதழில் வெளியிட்டார். அந்நாளிற் சேகரித்தல் என்றாற் சுட்டெடுத்தல் என்றே பொருள். பெயர் பெறுதற்கு ஒரு பறவை உயிரைக் கொடுக்கவேண்டியிருந்தது. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. தொலைநோக்கியும் நிழற்படக் கருவியும் கைவசமில்லாத காலத்தில் வேறு வழி அரிது. ஆயினும் பெயரும் உயிரும் அவ்வாறு பிணைந்திருந்ததை அன்று மாலை மீண்டும் நினைக்க நேர்ந்தது.

உள்ளானைச் சுடுதல் வெள்ளையர்க்குப் பெரும் பொழுதுபோக்காயிருந்தது. மறைந்திருந்து சுடுபவனைக் குறிக்கும் ‘ஸ்னைப்பர்’ என்னும் ஆங்கிலச் சொல், பதினெட்டாம் நூற்றாண்டில் இந்நாட்டிலிருந்த படையினர் ஸ்னைப் என்னும் உள்ளானை வேட்டையாடியதிலிருந்து பிறந்ததே. நம் வயற்சேற்றிலே எழுந்த சொல் இன்று உலகப் போர்ச்செய்திகளிலெல்லாம் வழங்குகின்றது. சோலை உள்ளானை எழுப்பவென்றே பழக்கப்பட்ட நாயினமும் இங்கிலாந்தில் உண்டு. காக்கர் ஸ்பானியல் என்னும் பெயரின் முற்பாதி இப்பறவையின் பெயரிலிருந்து வந்ததேயாகும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தபின் அவ்வேட்டை ஒழிந்தது.

துப்பாக்கி போயிற்று, நிலமும் போய்க்கொண்டிருக்கின்றது. திரும்பும் வழியில் இருமருங்கும் சீகையும் தைலமரமும் பைனும் அணிவகுத்து நின்றன. சுற்றுலா வந்தோர் பைன் மரங்களுக்கிடையே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தனர், அழகாகவே இருந்தது. ஆனால் அவற்றின் கீழே புல்லில்லை. செயற்கைக்கோட் படங்களைக்கொண்டு செய்த ஆராய்ச்சி, 1973 முதல் 2014 வரையிலான காலத்திற் பழனிமலை மேட்டுநிலத்துப் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதெனக் காட்டுகின்றது. அயல்நாட்டு மரங்கள் புல்வெளியை மூடிவிட்டன. நீரையும் மிகுதியாகப் பருகுகின்றன. 2013இல் அரசாங்கத்தார் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்தை அறிவித்தனர். அதன் எல்லைக்குள் அடங்காத பட்டா நிலத்துச் சதுப்புக்களை எந்தச் சட்டம் காக்கும் என்பதற்கு நண்பரிடமும் விடையில்லை.

பிற்பகல் நான்கு மணிக்குக் கொடைக்கானலைச் சூழ்ந்த சோலைகளுள் ஒன்றனை அடைந்தோம். எந்தச் சோலை என்பதை இங்கே எழுதேன். காரணம் பின்னர் விளங்கும். சோலைக்குக் கீழே ஒரு பேரித்தோட்டம். தோட்டத்திற்கும் சோலைக்கும் நடுவே, நம் கல்லூரிக் கைப்பந்தாட்டத் திடல் இரண்டினைச் சேர்த்தாலொத்த அளவில் ஒரு சதுப்பு. தோட்டக் காவலர் முதியவர்; தலையிற் கம்பளித் தொப்பியும், தொப்பிக்குமேல் துண்டுமாக அமர்ந்திருந்தார். நண்பர் பறவையின் படத்தைக் கைப்பேசியிற் காட்டினார். முதியவர் அதனைக் கண்ணருகே வைத்து நோக்கி, “இதுவா? உள்ளான். விளக்கு வைக்கும் நேரத்தில் வரும். மூன்று வருகின்றன, சென்ற ஆண்டு ஐந்து” என்றார். பழைய இடத்திற்கே ஆண்டுதோறும் திரும்பி வருவது இப்பறவையின் இயல்பென்று நூல்களும் கூறுகின்றன. அவர் நூல் படித்ததில்லை, எண்ணிவைத்திருந்தார்.

“தம்பி, ஒன்று சொல்வேன். விளக்கு அடிக்கலாகாது. போன மாதம் இரண்டு பேர் பெரிய காமராவோடு வந்து கண்ணில் விளக்கடித்தார்கள். நான்கு நாள் ஒன்றும் இறங்கவில்லை” என்றார். நண்பர் தம் பையிலிருந்த கைவிளக்கை எடுத்து அவரிடமே கொடுத்துவிட்டார்.

காத்திருந்தோம். குளிர் காலடியிலிருந்து ஏறியது. ஆறு மணிக்குச் சிரிப்பான்கள் ஓய்ந்தன. மேல்வானத்துச் செம்மை சாம்பலாயிற்று. தவளைகள் தொடங்கின. பேச்சில்லாமல் இருப்பது எவ்வளவு அரிது என்பதை அந்த அரைமணி நேரத்திற் கண்டேன். மூக்குறிஞ்சும் ஒலிகூடப் பெரிதாய்க் கேட்டது. ஆறே முக்காலுக்குச் சிறிது முன்னர், சோலையின் கருமையினின்று ஒரு துண்டு பிரிந்தாற்போல ஏதோ வந்தது. ஒலியே இல்லை. புறாவினும் சற்றே பருத்த உடல், கீழ்நோக்கிச் சாய்ந்த நெடிய அலகு, அகன்ற சிறகு. தலைக்குமேலே வட்டமிட்டு, எங்களுக்கு இருபது அடித் தொலைவிலே சதுப்பில் இறங்கியது.

தொலைநோக்கியில் மிச்ச வெளிச்சம் முழுவதும் திரண்டு வந்தது. வயல் உள்ளானுக்குத் தலையிலே கோடுகள் நெடுக்கே ஓடும். இதற்கோ கரும்பட்டைகள் குறுக்கே கிடந்தன. முதுகெல்லாம் சருகு: செம்மை, பழுப்பு, சாம்பல், இடையிடையே நரம்போடியதுபோன்ற கோடு. சருகின்மேல் அது அமர்ந்திருந்ததை நாள் முழுவதும் எத்தனை முறை மிதிக்குமளவிற்கு நெருங்கிக் கடந்திருப்போமோ! கண்களோ முகத்தில் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. உச்சிக்கருகே, பின்னால் தள்ளி, கருநாவற் பழம்போலப் பெரியனவாய் இருந்தன. அலகு மண்ணில் புதைந்திருக்கும்போது பின்னாலும் மேலாலும் வரும் பகையைக் கழுத்துத் திருப்பாமலே காண்பதற்கு அவ்வமைப்பு. சுற்றிலும் ஏறக்குறைய முழுவட்டமும் அதற்குத் தெரியும் என்பர். எங்கள் இருவரையும் அது முதலிலிருந்தே கண்டுகொண்டுதான் இருந்தது. கண்டும் இறங்கியது.

அலகை மண்ணில் அழுத்தியது. எம் ஊர்க் கோட்டான் போலவே நின்றது. பிறகு வாலைச் சற்றே உயர்த்தியபொழுது வால்நுனியின் அடியில் வெண்புள்ளிகள் தோன்றின. இருளிலும் அவை தெரிந்தன என்று சொன்னால் மிகையெனத் தோன்றும். ஆனால் 2023இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில், இவ்வெள்ளிறகு தன்மேல் விழும் ஒளியில் 55 விழுக்காடு வரை திருப்பியனுப்புவதாகவும், அதுவரை அளந்த எப்பறவையின் இறகினும் இதுவே வெள்ளிது என்றும் கண்டுள்ளனர். அந்தியிலே தன் இனத்தோடு உரையாட அது தூக்கிப்பிடிக்கும் கொடி அதுவேயாம். சிறகின் முனையிலே ஊசிபோன்ற சிற்றிறகு ஒன்றுண்டு. ஐரோப்பியச் சித்திரக்காரர் அதனைத் தூரிகையாகக் கொண்டு நுண்ணோவியங்கள் தீட்டினர். எழுதுதற்கும் எழுதப்படுதற்கும் உரியதாய் ஒரு பறவை.

இரண்டாவதொன்று வந்தது. மூன்றாவதனைக் காணுமுன் இருள் மூடிவிட்டது.

திரும்பி நடக்கையிற் காவலர் சொன்னார்: “அடுத்த ஆண்டு வந்தால் இங்கே பார்க்கமாட்டீர்கள். நிலத்துக்காரர் இந்தப் பள்ளத்தைத் தூர்த்து விருந்தினர் விடுதி கட்டப்போகிறார். மண் லாரி பங்குனியில் வரும். வேலிக்குக் கால் வந்து இறங்கிவிட்டது.”

நாங்கள் மலையிறங்கிய பேருந்தில் மூன்று மணி நேரம் வழக்காடினோம். எங்கள் நட்பிலே அவ்வளவு கடுமையாகப் பேசிக்கொண்டது அதுவே முதன்முறை. நாடெங்குமுள்ள பறவை ஆர்வலர் தாம் கண்டவற்றை இடமும் நேரமும் குறித்துப் பதியும் பொதுப்பட்டியலில் அன்றைய காட்சியை அவ்விடத்திலிருந்தே பதிந்துவிட நண்பர் விரும்பினார். “பதிவில்லாத பறவைக்காக வழக்காடுவார் யார்? நாளை லாரி வரும்போது, இங்கே என்ன இருந்தது என்று கேட்டால் எதனைக் காட்டுவீர்?” என்றார். நான், “பதிந்த மறுவாரம் முப்பது பேர் விளக்கோடு வருவர். லாரி வருமுன்னரே பறவை போய்விடும். பிறகு எதனைக் காப்பீர்?” என்றேன். “உமக்கு அஃது ஒரு கவிதை, அதனால் ஒளித்துவைக்கப் பார்க்கின்றீர்” என்றார் அவர். “உமக்கு அஃது ஓர் எண், அதனாற் கூட்டிக்காட்டப் பார்க்கின்றீர்” என்றேன் நான். வத்தலக்குண்டில் தேநீர் அருந்தியபொழுதும் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து நண்பர் என் அறைக்கு வந்தார். பொதுப்பட்டியலிற் கொடைக்கானல் என்று மட்டும் பொதுப்படக் குறித்துவிட்டு, வரைபடமும் நாளும் நேரமும் எண்ணிக்கையும் அடங்கிய விவரமான கடிதமொன்றை வனத்துறை அதிகாரிக்கு நேரே அனுப்புவது என்று முடிவுசெய்தோம். அறிவியற் பகுதியை அவர் ஆங்கிலத்தில் எழுதினார்; விண்ணப்பத்தை நான் தமிழில் எழுதினேன். நான் எழுதியவற்றுள் அடைமொழி இல்லாத முதற் கட்டுரை அதுவாகவே இருக்கும். அவர் எல்லாவற்றையும் அடித்துவிட்டார். சென்ற ஆண்டு ஐந்தும் இவ்வாண்டு மூன்றும் வந்தன என்பதே கடிதத்தின் உயிர்நாடி. அதற்குச் சான்று காவலர் ஒருவரே. தொலைபேசியில் அவரது இசைவைக் கேட்டோம். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “என் பெயர் வேண்டாம், தம்பி. பேரிக்காய் இருக்கும் வரைதான் எனக்கு இங்கே கஞ்சி. நிலத்துக்காரர் கெட்டவரல்லர், ஆனால் கேட்டால் நான் என்ன சொல்வேன்?” என்றார். பெயரை நீக்கினோம். நீக்கியபின் கடிதம் பாதியாய்க் குறைந்ததுபோலத் தோன்றியது. இரண்டு மாணாக்கர் ஓர் அந்தியிலே இரண்டு பறவைகளைக் கண்டனர் என்பதே எஞ்சியது. அப்படியே அனுப்பினோம்.

கடிதம் கிடைத்ததென்றும், நேரிற் பார்வையிடப்படும் என்றும் ஒருவரி விடை வந்திருக்கின்றது. நாள் குறிக்கப்படவில்லை. பறவைகள் பங்குனியில் வடக்கே திரும்பிவிடும். அதற்குமுன் பார்வையிட வருவோர்க்குக் காட்ட அவை இருத்தல் வேண்டும். இதற்கிடையில் விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தபோது உப்பளத்து வரப்பில் நின்று பவளக்காலிகளை எண்ணினேன். இதுநாள் வரை நான் எண்ணியதில்லை. முதல் நாள் 41, இரண்டாம் நாள் 38. மூன்றாம் நாள் மழையால் எண்ண இயலவில்லை. அவ்வெண்களை நண்பருக்கு அனுப்பியபொழுது, இடத்தின் பெயரையும் சேர்த்தனுப்பும்படி எழுதினார். சேர்த்தே அனுப்பினேன்; உப்பளத்திற்கு இரவில் விளக்கோடு வருவார் ஒருவருமில்லை.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் இன்று காலையிலே காவலர் தொலைபேசியிற் பேசினார். வேலிக்கு மூன்று கால் நட்டாயிற்றாம். நேற்று மாலை மூன்று உள்ளானும் இறங்கினவாம். அவற்றுள் ஒன்று புதிய வேலிக்காலின் அடியிலே, கிளறிய மண்ணில், நெடுநேரம் மேய்ந்ததாம்.